நானூற்றாறு: 1941 பேஸ்பால் பருவத்தில் யார் முதல்வர்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் 1941ஆம் ஆண்டு டெட் வில்லியம்ஸ் .406 சராசரி எடுத்தார், அதற்குப் பிறகு எவரும் .400ஐத் தொடவில்லை என்று படித்தேன். ஆனால் அந்த ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஜோ டிமாஜியோவுக்குப் போயிருக்கிறது. உண்மையில் அந்தப் பருவத்தின் முதல் பேட்டர் யார்? கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவனுக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

பதில்:

டெட் வில்லியம்ஸ்தான். சராசரிப் பட்டியலில் அவர் பெயர் உச்சியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலுக்குள் வராத இன்னொரு கணக்கு இருக்கிறது. அதில் அவர் மற்றவர்களை விட்டு இன்னும் வெகுதூரம் முன்னால் நின்றார். 1941இல் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் டிமாஜியோ அந்தக் கோடையில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதைச் சொல்லி முடிப்பது நியாயம் ஆகாது. எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சராசரி. கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த ரன்களை அவர் அவுட்டான தடவைகளால் வகுக்கிறோம். பேஸ்பாலில் சராசரிக்கும் ரன்னுக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டர் பந்தை அடித்துவிட்டு, ஃபீல்டரின் பிழை எதுவும் இல்லாமல், ஒரு பேஸையாவது (ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) பத்திரமாக அடைந்தால் அது ஒரு ஹிட். ஹிட்டுகளை அவர் அடிக்க நின்ற தடவைகளால் வகுத்து, மூன்று தசம இடத்துக்கு எழுதுவார்கள். வில்லியம்ஸ் 1941இல் 456 தடவை நின்று 185 ஹிட் அடித்தார். வகுத்தால் .4057 வருகிறது. அதை .406 என்று எழுதி, புள்ளியை விட்டுவிட்டு நானூற்றாறு என்று படிப்பார்கள்.

பத்துத் தடவை நின்று மூன்று ஹிட் அடிப்பவர் நல்ல பேட்டர். பல ஆண்டுகள் அப்படியே அடித்தால் பெரிய பேட்டர். நான்கு அடிப்பது என்றால், ஆறு மாதம், ஏறக்குறைய நாள்தோறும், பந்து வீசித் தன்னை அவுட்டாக்குவதையே தொழிலாகக் கொண்ட பிட்சர்களுக்கு எதிராக, ஒவ்வொரு பத்திலும் அந்த ஒரே ஒரு ஹிட்டைக் கூடுதலாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கிரிக்கெட் பேட்ஸ்மேன் ஒரு நாள் நூறு அடித்துவிட்டால் அடுத்த இரண்டு தோல்விகளை அது மூடிவிடும். இங்கே அந்த வசதி கிடையாது. ஒரு ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து அடித்தாலும் அது ஐந்து ஹிட் மட்டுமே.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்சர் ஸ்டிரைக் எல்லைக்கு (பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட, அடிக்கத்தக்க பகுதி) வெளியே நான்கு பந்துகளைப் போட்டு, பேட்டர் அவற்றின் மேல் மட்டையை வீசாமல் விட்டுவிட்டால், அவருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைக்கும். நடந்தே போகலாம் என்பதால் அதற்கு வாக் என்று பெயர். சராசரிக் கணக்கில் இது ஹிட்டும் இல்லை, அடிக்க நின்ற தடவையும் இல்லை. கணக்கிலேயே வராது. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி 1941. அப்போது பெரிய லீக்குகள் இரண்டு. அமெரிக்கன் லீக் சராசரிப் பட்டியலின் தலைப்பகுதி இது: பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் .406, வாஷிங்டன் செனட்டர்ஸின் செசில் டிராவிஸ் .359, நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ .357, கிளீவ்லாந்தின் ஜெஃப் ஹீத் .340. நேஷனல் லீக்கில் முதலிடம் புரூக்ளின் டாட்ஜர்ஸின் பீட் ரைசருக்கு, .343. அங்கே இரண்டாமவர் பாஸ்டன் பிரேவ்ஸின் ஜானி கூனி, .319. கூனிக்கு அப்போது 40 வயது என்பதைக் கவனியுங்கள். நேஷனல் லீக்கின் முதல்வரே அமெரிக்கன் லீக்கில் நான்காம் இடத்துக்குத்தான் வந்திருப்பார். வில்லியம்ஸுக்கும் இரண்டாமவருக்கும் இடையே 47 புள்ளி. ஒன்றிரண்டு புள்ளியில் பட்டம் கைமாறும் ஆட்டத்தில் இது மலைக்க வைக்கும் இடைவெளி.

ஆனால் அந்தக் கோடையில் நாடு முழுக்கப் பேசப்பட்ட பெயர் டிமாஜியோ. மே 15 அன்று சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக ஒரு சாதாரண ஒற்றை பேஸ் ஹிட் அடித்தார். அவர் அணி 13-1 என்று தோற்ற ஆட்டம் அது. அதில் யாரும் எதையும் கவனித்திருக்க முடியாது. அடுத்த ஆட்டத்திலும் ஹிட். அதற்கடுத்ததிலும். ஜூன் முழுதும், ஜூலை பாதி வரையும் ஒரு ஆட்டம்கூட ஹிட் இல்லாமல் போகவில்லை. இடையில், ஜூன் 2 அன்று, யாங்கீஸின் முன்னாள் கேப்டன் லூ கெரிக் நோயில் இறந்துபோனார். அந்த வாரமும் தொடர் நிற்கவில்லை.

ஜூன் 29 அன்று வாஷிங்டனில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஜார்ஜ் சிஸ்லர் 1922இல் வைத்த 41 ஆட்டச் சாதனையைச் சமன் செய்தார். இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர் மட்டையை யாரோ திருடிப் போய்விட்டார்கள். கைக்குப் பழகிய மட்டை இல்லாமல், சக ஆட்டக்காரர் டாமி ஹென்ரிக்கின் மட்டையை வாங்கி, ஏழாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) ஹிட் அடித்து 42ஐத் தொட்டார். ஜூலை 2 அன்று ஒரு ஹோம் ரன்னுடன் (எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து ரன் எடுக்கவைக்கும் அடி) 45. வில்லி கீலர் 1897இல் வைத்த 44 அதோடு பின்னால் போயிற்று. எதிரே ஆடியது வில்லியம்ஸின் ரெட் சாக்ஸ் அணி. அந்த அணியின் சென்டர் ஃபீல்டில் நின்றவர் டிமாஜியோவின் தம்பி டொமினிக்.

முறிந்த நாள் ஜூலை 17. கிளீவ்லாந்து மைதானத்தில், இரவு ஆட்டம், 67,468 பேர். முதல் இன்னிங்ஸில் டிமாஜியோ தேர்ட் பேஸ் கோட்டை ஒட்டித் தரையோடு வேகமாக அடித்த பந்து. அங்கே நின்ற கென் கெல்ட்னர் வழக்கத்துக்கு மாறாகப் பேஸுக்கு மிகவும் பின்னால், கோட்டை ஒட்டி நின்றிருந்தார். புறங்கை திருப்பிப் பந்தைப் பிடித்தார். பிடித்த வேகம் அவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்தது. அங்கிருந்தே முதல் பேஸுக்கு எறிந்தார். டிமாஜியோ அவுட். முந்தைய மழையில் ஈரமாக இருந்த தரை அவர் கிளம்பும்போது காலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. நான்காவது இன்னிங்ஸில் வாக். ஏழாவதில் மீண்டும் அதே கோடு, அதே கெல்ட்னர், அதே எறிதல். எட்டாவதில் எல்லா பேஸ்களிலும் ஆள் இருக்க, அவர் அடித்த பந்து, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் லூ பூட்ரோவின் முன் விபரீதமாக எகிறியது. பூட்ரோ அதைச் சமாளித்து, ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கினார். அதோடு 56இல் நின்றது. ஒரு வாரம்கூட இடைவெளி விடாமல், மறுநாளே புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கி மேலும் 16 ஆட்டங்களுக்கு அடித்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அந்த 56 ஆட்டங்களில் 223 தடவை நின்று 91 ஹிட், 15 ஹோம் ரன். இதில் 34 ஆட்டங்களில் ஒரே ஒரு ஹிட்தான். அதாவது 34 நாள் அவர் நூலிழையில் தப்பியிருக்கிறார். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம், நேற்றைய ஹிட்டை இன்றைக்குக் கடன் வாங்க முடியாத நிலை. அந்த நெருக்கடியில் இரண்டு மாதம் நின்றது பெரிய காரியம். யாங்கீஸ் அந்த 56 ஆட்டங்களில் 41 வென்றது, 13 தோற்றது, இரண்டு சமன். அதாவது தொடர் அணிக்கும் பலன் கொடுத்தது. 1933இல், 18 வயதில், சான்ஃபிரான்சிஸ்கோ சீல்ஸ் அணிக்காக அவர் 61 ஆட்டங்களில் தொடர்ந்து அடித்திருக்கிறார். எனவே இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது.

இப்போது ஒரு ஒப்பீடு. டிமாஜியோவின் தொடர் நடந்த நாட்களில் அவர் சராசரி .408. வில்லியம்ஸின் முழுப் பருவச் சராசரி .406. டிமாஜியோ தன் வாழ்வின் உச்சமான இரண்டு மாதங்களில் எப்படி அடித்தாரோ, ஏறக்குறைய அப்படியே வில்லியம்ஸ் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அடித்திருக்கிறார். இன்னும் ஒன்று: தொடர் நடந்த அதே நாட்களில் வில்லியம்ஸின் சராசரி .412. நாடே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொருவர் அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளில் நான் திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தேன்.

ஜூலை 8 அன்று டெட்ராய்ட்டில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், அமெரிக்கன் லீக் 5-4 என்று பின்தங்கியிருந்தது. பேஸ்களில் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் டிமாஜியோ. வில்லியம்ஸ் பந்தை வலப்பக்க மேல்தளத்துக்கு அடித்து 7-5 என்று ஆட்டத்தை முடித்தார். முதல் பேஸை நோக்கி ஓடும்போதே கைதட்டிக் குதித்த இருபத்திரண்டு வயதுப் பையன். தன் வாழ்வில் மிகவும் சந்தோஷப்பட்ட அடி அதுதான் என்று அவர் பிற்காலத்திலும் சொல்லிவந்தார்.

இனி செப்டம்பர் கடைசி வாரம். ஃபிலடெல்ஃபியாவில் அத்லெட்டிக்ஸ் அணியோடு மூன்று ஆட்டங்கள் மீதம். அங்கே வரும்போது வில்லியம்ஸின் கணக்கு 444க்கு 178, அதாவது .401. சனிக்கிழமை ஆட்டத்தில் நான்குக்கு ஒன்றுதான் அடித்தார். கணக்கு 448க்கு 179 ஆயிற்று. வகுத்தால் .39955. மூன்று இடத்துக்குச் சுருக்கினால் .400.

மேனேஜர் ஜோ குரோனின் அவரிடம் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆடாமல் உட்கார்ந்துகொள்ளலாமா என்று. உட்கார்ந்தால் புத்தகத்தில் .400 என்று பதிந்துவிடும். ஆடி, முதல் தடவையிலேயே அவுட்டானால் .399க்கு இறங்கிவிடும். வில்லியம்ஸ் ஆடுவேன் என்றார். சுருக்கி எழுதி வரும் .400, அடித்து எடுத்த .400 ஆகாது என்பதுதான் அவர் நினைப்பு. அன்றிரவு உடைமாற்றும் அறைப் பணியாளர் ஜானி ஆர்லாண்டோவுடன் ஃபிலடெல்ஃபியாத் தெருக்களில் நெடுநேரம் நடந்தார். வில்லியம்ஸுக்கு மதுப் பழக்கம் இல்லை. ஆர்லாண்டோவுக்கு உண்டு. அவர் வழியில் நின்று குடித்துவிட்டு வரும்வரை வில்லியம்ஸ் வெளியே காத்திருந்தார் என்று சொல்வார்கள்.

செப்டம்பர் 28, ஷைப் பார்க். குளிர்ந்த, மந்தமான நாள். பார்வையாளர்கள் பத்தாயிரம் பேர் இருப்பார்கள். இரண்டு ஆட்டங்கள். எதிரணி மேனேஜர் கானி மேக், பழுத்த முதியவர், தன் பிட்சர்களிடம் யாரும் இவருக்காக இளகிக்கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விக்கெட் கீப்பரைப் போலப் பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் ஃபிராங்கி ஹேய்ஸ் அதை வில்லியம்ஸின் காதிலேயே போட்டார். வாழ்த்தும் சொன்னார், எதையும் இலவசமாகத் தர மாட்டோம் என்றும் சொன்னார்.

முதல் ஆட்டம்: பிட்சர் டிக் ஃபவுலரின் பந்தில் ஒரு ஹிட். அடுத்து ஒரு ஹோம் ரன், அந்தப் பருவத்தின் 37ஆவதும் கடைசியும். பிறகு இன்னும் இரண்டு ஹிட். ஐந்துக்கு நான்கு. கணக்கு 453க்கு 183, .404. இப்போது தாராளமாக உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது ஆட்டத்துக்கும் இறங்கினார். ஒரு ஹிட். அடுத்து அவர் அடித்த பந்து வலப்பக்கச் சுவரின் மேல் இருந்த ஒலிபெருக்கியில் மோதித் திரும்பி விழுந்தது. இரண்டு பேஸ் ஹிட். கடைசித் தடவை உயர அடித்துப் பிடிபட்டார். இருட்டு கவிந்ததால் எட்டு இன்னிங்ஸோடு ஆட்டத்தை நிறுத்தினார்கள். அன்றைய மொத்தம் எட்டுக்கு ஆறு. பருவக் கணக்கு 456க்கு 185.

இதே இடத்தில் சட்ட நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பேஸில் ஆள் இருக்கும்போது பேட்டர் உயர அடித்துப் பிடிபட்டாலும், அந்த ஆள் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டால், இன்றைய விதிப்படி அது பேட்டரின் சராசரியைப் பாதிக்காது. 1941இல் அந்தச் சலுகை இல்லை. அணிக்கு ரன் வந்த அந்த அடிகளும் வில்லியம்ஸின் கணக்கில் வெறும் தோல்விகளாகவே பதிவாயின. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர் கடைசி நாள் நெருக்கடியே இல்லாமல் .400ஐத் தாண்டியிருப்பார். எப்போதாவது யாராவது "அந்தக் காலத்துச் சராசரிதானே" என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, பிறகு ஏன் விருது கைமாறியது? வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள். டிமாஜியோவுக்கு 291 புள்ளி, வில்லியம்ஸுக்கு 254. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. யாங்கீஸ் 101 ஆட்டங்களை வென்று முதலிடம் பிடித்தது. ரெட் சாக்ஸ் 17 ஆட்டங்கள் பின்னால் இரண்டாமிடம். டிமாஜியோ சென்டர் ஃபீல்டில் அற்புதமான ஃபீல்டர். வில்லியம்ஸுக்கு ஃபீல்டிங்கில் அந்த ஈடுபாடு இல்லை. மேலும், தினமும் காலையில் ஒரு எண் ஒன்று கூடிக்கொண்டே போவதை இரண்டு மாதம் எழுதிய கைகள் அவை. அதன் தாக்கம் வாக்கில் தெரியாமல் இருக்காது. விருதின் பெயரும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்பதுதான், சிறந்த பேட்டர் என்பது அல்ல. டிமாஜியோவுக்கு அது கிடைத்ததை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது பேட்டரைப் பற்றி.

அதனால்தான் வாக் கணக்குக்குத் திரும்புகிறேன். 1941இல் வில்லியம்ஸ் 147 வாக் எடுத்தார். டிமாஜியோ 76. மொத்தம் 606 தடவை மட்டையோடு வந்த வில்லியம்ஸ், ஹிட்டும் வாக்கும் பந்து உடம்பில் பட்டுக் கிடைத்தவையும் சேர்த்து, 335 தடவை பேஸை அடைந்திருக்கிறார். விகிதம் .553. டிமாஜியோவுக்கு இது .440. .440 என்பதே பெரும்பாலான ஆண்டுகளில் போற்றப்படும் எண். வில்லியம்ஸோ இரண்டு தடவை வந்தால் ஒரு தடவைக்கு மேலேயே பேஸில் நின்றார். பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஆட்டம் ஒன்றுக்கு 27 அவுட்தான் மூலதனம். ரன் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், நேரக் கணக்கு இல்லை, பந்துக் கணக்கு இல்லை. அவுட் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. அந்த மூலதனத்தைச் செலவழிக்காமல் இருப்பவரே அணிக்குப் பெரிய சம்பாத்தியக்காரர். கிரிக்கெட்டில் விக்கெட்டைக் காப்பவரின் அருமை தெரிந்த உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அன்று வாக் என்பதைப் பிட்சரின் தவறாகவே பார்த்தார்கள். பேட்டரின் திறமையாக யாரும் எண்ணவில்லை. ஆடாமல் நிற்கிறார், அடித்து ரன் சேர்க்க வேண்டியவர் நடந்து போகிறார் என்று வில்லியம்ஸைக் குறைகூடச் சொன்னார்கள். ஆனால் அது அவர் உழைத்துக் கற்ற வித்தை. பிற்காலத்தில் அவர் ஸ்டிரைக் எல்லையை அகலத்தில் 7, உயரத்தில் 11 என்று 77 பந்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் தன் சராசரியை எழுதிக் காட்டினார். நடுவில் .400. வெளிப்பக்கம் தாழ்ந்த மூலையில் .230. நல்ல பந்து வரும்வரை காத்திரு, மூலைப் பந்துக்கு ஆசைப்பட்டால் நீயும் .230 ஆள்தான் என்பது அவர் பாடம். 37 ஹோம் ரன் அடித்த ஆண்டில் அவர் ஸ்டிரைக் அவுட் (மூன்று தடவை பந்தைத் தவறவிட்டு அவுட்டாவது) ஆனது 27 தடவை மட்டுமே. இந்த விஷயத்தில் டிமாஜியோ அவரையும் மிஞ்சுகிறார்: 30 ஹோம் ரன், 13 ஸ்டிரைக் அவுட். ஓங்கி அடிப்பவர்கள் நூறு, நூற்றைம்பது தடவை ஸ்டிரைக் அவுட் ஆவது சகஜமாகிவிட்ட இன்றைய ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத கணக்கு.

சராசரி, ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன்கள் ஆகிய மூன்றிலும் ஒருவரே முதலிடம் பிடித்தால் அதை மும்முடி என்பார்கள். 1941இல் வில்லியம்ஸ் முதல் இரண்டில் முதலிடம். மூன்றாவதில் 120. டிமாஜியோ 125, ஹீத் 123, யாங்கீஸின் சார்லி கெல்லர் 122. ஐந்து ரன்னில் கைநழுவியது. அடுத்த ஆண்டே மும்முடியை வென்றார். விருது யாங்கீஸின் ஜோ கார்டனுக்குப் போயிற்று. 1947இல் மறுபடியும் மும்முடி. விருது மறுபடியும் டிமாஜியோவுக்கு, 202க்கு 201 என்று ஒரே புள்ளியில். 1941இன் வாக்கைப் புரிந்துகொள்ளலாம். இந்த இரண்டையும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

மற்றவர்களைப் பற்றியும் கொஞ்சம். ஜெஃப் ஹீத் கனடாவில் பிறந்தவர். அந்த ஆண்டு 32 இரண்டு-பேஸ் அடிகள், 20 மூன்று-பேஸ் அடிகள், 24 ஹோம் ரன். மூன்று வகையிலும் இருபதை எட்டிய முதல் அமெரிக்கன் லீக் ஆட்டக்காரர் அவர்தான். வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் அவரைக் கொண்டாடியிருப்பார்கள். பீட் ரைசருக்கு 22 வயது. நேஷனல் லீக்கில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் சராசரிப் பட்டம் வென்றதில்லை. மறு ஆண்டு செயின்ட் லூயிஸில் பந்தைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதினார். அந்த வேகத்தை அவர் குறைக்கவே இல்லை, சுவர்களும் அவரை விடவில்லை. செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு ஸ்டேன் மியூசியல் என்ற இளைஞர் வந்து, 47 தடவை நின்று 20 ஹிட் அடித்தார், .426. பன்னிரண்டே ஆட்டங்கள் என்பதால் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பட்டியலில் பெயரே வர முடியாதவர்களும் இருந்தார்கள். 1941இல் இந்த இரண்டு லீக்குகளிலும் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. அனுமதிக்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேட்டர்களில் ஒருவரான ஜோஷ் கிப்சன் அந்த ஆண்டு மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். ஜாக்கி ராபின்சன் உள்ளே வர 1947 ஆயிற்று. 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். 2024இல் அந்தக் கணக்குகளை அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதன்படி ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி கிப்சன் 1943இல் எடுத்த .466. எனவே நீங்கள் படித்த "அதற்குப் பிறகு எவரும் தொடவில்லை" என்ற வாக்கியத்தை இன்று அப்படியே சொல்லக் கூடாது. அமெரிக்கன், நேஷனல் ஆகிய இரண்டு லீக்குகளில் மட்டும் எவரும் தொடவில்லை என்று சொல்வதே சரி.

அந்த இரண்டு லீக்குகளில் பிறகு நெருங்கியவர்கள் உண்டு. 1980இல் ஜார்ஜ் பிரெட் .390. 1994இல் சான் டியேகோவின் டோனி க்வின் .394, ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் பருவத்தையே நிறுத்திவிட்டது. அவர் 419 தடவையில் 165 ஹிட். இன்னும் மூன்றே ஹிட் இருந்திருந்தால் தாண்டியிருப்பார். 1957இல் .388 எடுத்தவர் யார் தெரியுமா? 39 வயது வில்லியம்ஸ். ஐந்து ஹிட் குறைந்தது.

ஏன் இப்போது யாராலும் முடிவதில்லை என்பதற்கு இரவு ஆட்டங்கள், களைத்த பிட்சரை மாற்றிப் புதியவரை இறக்கும் பழக்கம், பெரிய கையுறைகள் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குச் சரியாகப் படுவது உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே குல்ட் சொன்னது. ஆட்டத்தின் பொதுத்தரம் உயர உயர, மிகச் சிறந்தவருக்கும் சாதாரணமானவருக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. லீக்கின் மொத்தச் சராசரி பெரிதாக மாறாமலே இருந்தாலும், இரு ஓரங்களும் நடுவை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. .400 மறைந்தது பேட்டர்கள் மோசமானதால் அல்ல, எல்லோரும் தேர்ந்ததால்.

கடைசியாக, பட்டியலின் இரண்டாவது பெயர். செசில் டிராவிஸை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் என்ற கடினமான இடத்தில் ஆடியவர். 1933இல் தன் முதல் ஆட்டத்திலேயே ஐந்து ஹிட் அடித்தவர். 1941இல் 608 தடவை நின்று 218 ஹிட் அடித்தார். இரண்டு லீக்குகளிலும் சேர்த்து அந்த ஆண்டு அதிக ஹிட் அடித்தவர் அவர்தான், வில்லியம்ஸும் இல்லை, டிமாஜியோவும் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் இருட்டு கவிந்த அந்த ஞாயிறிலிருந்து சரியாக எழுபதாவது நாள், இன்னொரு ஞாயிறு, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. டிராவிஸ் காலாட்படைக்குப் போனார். 1944 குளிர்காலத்தில் ஐரோப்பாவில் பல்ஜ் போரில் அவர் கால்கள் பனியில் உறைந்து, அவற்றைக் காப்பாற்ற அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. திரும்பி வந்து 1946இல் .252, 1947இல் .216. அத்தோடு விட்டுவிட்டார். கால்களால்தான் ஆட்டம் போயிற்று என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை ஆண்டு ஆடாமல் இருந்ததில் பந்தைச் சந்திக்கும் அந்த நொடிக்கணக்கு கையை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான் என்றார். 1941 முடிவில் அவருடைய மொத்தச் சராசரி .327. ஓய்வுபெறும்போது .314.